ஓட்டுநர் இல்லாத பாதை - 11: இரண்டு கோடிப் படங்கள்

சென்ற வாரம் அமெரிக்கப் பாலைவனத்தில் இருந்தோம்.

2004 மார்ச்சில், அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பா மொஹாவி பாலையில் நடத்திய ஆளில்லா வண்டிப் போட்டியில் ஏறத்தாழ 150 மைல் பாதை காத்திருந்தது. எட்டு மைலைக்கூட எந்த வண்டியும் எட்டவில்லை. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' 132 மைல் ஓடி முடித்தது. 2007-இல் நாற்சந்தியும் எதிரே வரும் வண்டிகளுமாக ஒரு நகரப் போட்டி நடந்து, அதில் கார்னகி மெலனின் 'பாஸ்' வென்றது. வென்றவர்களையும் தோற்றவர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு 2009-இல் கூகுள் தன் வேலையைத் தொடங்கியது.

காசும் ஆளும் இடமும் அங்கே இருந்தன. ஆனால் அந்தப் பாலைவனம் செய்த ஒரு உதவியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அங்கே தலைக்கு மேல் வானம் திறந்து கிடந்தது. செயற்கைக்கோள்கள் வண்டிக்கு அதன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

வானம் தெரியாத இடத்தில் வண்டி என்ன செய்யும்? தான் எங்கே நிற்கிறோம் என்பதை அது யாரிடம் கேட்கும்?

இந்த வாரம் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறோம். இந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுக்கும் மேலாகக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சிறு குழுவின் கதை இது.

* * *

கடலுக்கு அடியில்

பால் நியூமன் ஆக்ஸ்போர்டில் பொறியியல் படித்தவர். முனைவர் பட்டத்துக்காக ஆஸ்திரேலியா போனார். சிட்னி பல்கலைக்கழகத்தில் அப்போது ஹியூ டியூரன்ட்-வைட் என்பவரின் குழு, ரோபாட்டிக்ஸ் துறையின் மிகப் பிடிவாதமான புதிர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

முன்பின் தெரியாத இடத்தில் ஒரு இயந்திரத்தை இறக்கிவிடுகிறோம். அது தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டும். வரைபடம் வரையவோ, தான் எங்கே இருக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். விதை முதலா, மரம் முதலா என்ற சிக்கல்தான். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒன்றின் பிழையை மற்றொன்றால் திருத்திக்கொண்டே செய்யும் முறைக்கு 'ஸ்லாம்' என்று பெயர்.

கேட்கும்போது இது கண்கட்டு வித்தைபோலத் தோன்றும். பிழையான இருப்பிடத்தை வைத்துப் பிழையான வரைபடம், அதை வைத்து இன்னும் பிழையான இருப்பிடம் என்று கடைசியில் எல்லாம் குழம்பிப் போகாதா? போகாது என்று கணிதமாக நிறுவியது 2001-இல் வெளியான ஒரு கட்டுரை. ஒரே அடையாளங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க வரைபடத்தின் பிழை குறைந்துகொண்டேதான் போகும் என்றது அது. அதை எழுதிய ஐவரில் நியூமனும் ஒருவர்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் கடலுக்கு அடியில் செல்லும் இயந்திரங்களுக்கு வழிகாட்டும் வேலைக்குப் போனார். கடல் நீருக்குள் ஜி.பி.எஸ். எட்டாது. மேலே அத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றினாலும் ஆழத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அங்கே இருந்து எம்.ஐ.டி., அங்கே இருந்து 2003-இல் மறுபடி ஆக்ஸ்போர்டு.

அவர் அமைத்த நடமாடும் ரோபாட் ஆய்வுக்குழுவில் இங்மார் போஸ்னர் பிற்பாடு வந்து சேர்ந்தார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

செங்கல் சுவரும் புளியமரமும்

ஜி.பி.எஸ். இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று அந்த நாளில் கேட்டவர்கள் உண்டு. பதில் எளிமையானது. உங்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் பிசகினாலும் நீங்கள் கடையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு கார் ஒரு மீட்டர் பிசகினால் எதிர் வண்டியின் பாதையில் நிற்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது பிசகு இன்னும் கூடும். சுரங்கப்பாதையில் அதுவும் கிடையாது.

மனிதர்கள் இப்படி வழி கண்டுபிடிப்பதில்லை. எங்கள் ஊரில் வழி கேட்டால் தெருப்பெயரோ எண்ணோ யாரும் சொல்ல மாட்டார்கள். "நேரா போனா ஒரு புளியமரம் வரும், அதுக்கு இந்தாண்ட திரும்புங்க" என்பார்கள். பார்த்ததை வைத்து வழி சொல்வது, பார்த்ததை வைத்து வழி போவது. ஆக்ஸ்போர்டு குழு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முயன்றதும் இதைத்தான். விலை மலிவான கேமராவைக் கொடுத்து, "இதற்கு முன் இங்கே வந்திருக்கிறோமா?" என்று அதையே கேட்டுக்கொள்ளச் செய்தார்கள்.

2008-இல் மார்க் கம்மின்ஸும் நியூமனும் வெளியிட்ட 'ஃபேப்-மேப்' என்ற முறை இதில் ஒரு பெரிய தாவல். அதன் நுட்பத்தை ஒரு செங்கல் சுவரை வைத்தே விளக்கிவிடலாம். இரண்டு படங்களிலும் ஒரே மாதிரியான செங்கல் சுவர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறைகள் "பொருந்திவிட்டது, அதே இடம்தான்" என்று அவசரப்பட்டுவிடும். ஆனால் ஆங்கிலேய ஊர்களில் செங்கல் சுவர் எங்கேதான் இல்லை? ஃபேப்-மேப் அந்தப் பொருத்தத்துக்குப் பெரிய மதிப்பு தராது. வேறெங்கும் காணாத ஒரு விநோதமான ஜன்னல் இரண்டு படத்திலும் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு கூடும். எது எங்கும் இருக்கிறது, எது இங்கு மட்டும் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் அது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. கணக்கு நுணுக்கமானது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஊருக்குப் புதிதாக வந்தவர் நாலு நாளில் எதைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறாரோ, அதை எண்களாக எழுதிவிட்டார்கள்.

ஆனால் புளியமரத்தை வெட்டிவிட்டால்?

* * *

'எனக்கு இந்த இடம் தெரியவில்லை'

காலையில் பார்த்த தெரு மாலையில் வேறு தெரு. நிழல் இடம் மாறியிருக்கும். மழை பெய்தால் சாலையே கண்ணாடியாகி வானத்தைக் காட்டும். இலையுதிர் காலம் வந்தால் மரம் மொட்டையாகும், பனி விழுந்தால் மொட்டை மரமும் வெள்ளையாகும். நேற்றுவரை நிறுத்தியிருந்த லாரியை இன்று எடுத்திருப்பார்கள். மனிதக் கண்ணுக்கு இதெல்லாம் ஒரே இடம்தான். கேமராவுக்கோ முன்பின் பார்த்திராத ஊர்.

துறையில் பலரும் செய்ய முயன்றது, எந்த வெளிச்சத்திலும் பொருந்தும் ஒரே ஒரு அப்பழுக்கற்ற வரைபடத்தைத் தயாரிப்பது. ஆக்ஸ்போர்டு குழு அந்த ஆசையைக் கைவிட்டது.

திருப்புமுனை அங்கேதான் வந்தது. அவர்கள் எடுத்த முடிவு: இடம் ஒன்றாக இருக்கலாம், நினைவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வண்டி ஒரு பாதையில் போகிறது. தன்னிடம் இருக்கும் பழைய நினைவுகள் ஒவ்வொன்றோடும் இப்போது பார்ப்பதை ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. பொருந்தினால் சரி. போதிய நினைவுகளோடு பொருந்தவில்லை என்றால், "எனக்கு இந்த இடம் இந்தக் கோலத்தில் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் புதிய நினைவாகச் சேமித்துக்கொள்கிறது. மழை நாள் நினைவு ஒன்று, வெயில் நாள் நினைவு ஒன்று, அந்தி நேர நினைவு ஒன்று. மாற்றம் அதிகமுள்ள இடத்தில் நினைவுகள் அடுக்கடுக்காகச் சேரும். மாறாத இடத்தில் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

இதைச் சோதிக்க மூன்று மாதம் ஒரு வண்டியை ஓட்டினார்கள். பகலின் வெவ்வேறு நேரங்கள், வெவ்வேறு வானிலை. மொத்தம் 37 கிலோமீட்டர், 1,36,000 படங்கள். முடிவில் கிடைத்தது அவர்களுக்கே தெம்பு தந்த ஒரு செய்தி. நினைவுகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகவில்லை. ஒரு அளவுக்குப் பிறகு புதிதாகச் சேர்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. ஒரு இடத்தின் முகங்கள் எண்ணற்றவை போலத் தோன்றினாலும், அவை எண்ணிவிடக்கூடியவைதான்.

இந்த முறையை விளக்கிய கட்டுரையை நியூமனோடு சேர்ந்து எழுதிய ஆய்வாளரின் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். பிரிட்டனின் முன்னாள் பிரதமரின் பெயர்தான், ஆள் வேறு.

இதே குழுவின் கேமரா நுட்பம் இன்னொரு திசையிலும் போனது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் எக்ஸோமார்ஸ் செவ்வாய் ஊர்திக்காக, படங்களை மட்டும் வைத்து எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடும் மென்பொருளில் ஆக்ஸ்போர்டின் பங்கு இருந்தது. கடலுக்கு அடியில் ஜி.பி.எஸ். இல்லை, செவ்வாயிலும் இல்லை. சிட்னியில் தொடங்கிய கேள்வி அங்கும் அப்படியே பொருந்தியது.

* * *

2013 பிப்ரவரி

ஆக்ஸ்போர்டுக்கு வெளியே பெக்ப்ரோக் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்கு அங்கே ஒரு காரைக் காட்டினார்கள்.

நிசான் லீஃப். மின்சாரக் கார். கூகுளின் கார்களில் கூரைமேல் சுழன்ற பெரிய லேசர் கோபுரம் இதில் இல்லை. சின்னக் கேமராக்கள், லேசர்கள், பின்பக்க டிக்கியில் ஒரு கணினி. முன்னால் டாஷ்போர்டில் ஒரு ஐபேட்.

ஓட்டுநர் வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போவார். தனக்கு நன்றாகத் தெரிந்த பாதை வந்ததும் ஐபேட் விழித்து, "நான் ஓட்டட்டுமா?" என்ற பொருளில் ஒரு அழைப்பைக் காட்டும். திரையைத் தொட்டால் கார் ஸ்டியரிங்கை எடுத்துக்கொள்ளும். பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தச் சின்னப் பரிமாற்றத்தில் அந்தக் குழுவின் குணம் தெரிகிறது. தெரிந்த இடத்தில் மட்டும் ஓட்ட முன்வரும் கார் அது. தெரியாத இடத்தில் வாய் திறக்காது.

கருவிகளின் செலவு அப்போது சுமார் 5,000 பவுண்டு. அதை ஒரு நாள் 100 பவுண்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நியூமனின் இலக்கு. அவர் குறியாக இருந்தது விலையில். ஏன் என்பதற்கான பதில் பிறகு வெளிப்பட்டது.

* * *

ஒரே பாதை, நூறு முறை

2014-இல் இரண்டு காரியங்கள் தொடங்கின.

முதலாவது மே மாதத்தில். அந்த நிசான் லீஃப் ஆக்ஸ்போர்டின் மையப்பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் பாதை ஒன்றில், ஆள் ஓட்ட, ஆறு கேமராக்களும் லேசர்களும் பதிவு செய்ய, சுற்றத் தொடங்கியது. வாரத்துக்குச் சராசரியாக இரண்டு முறை. அதே தெருக்கள், அதே திருப்பங்கள்.

கொட்டும் மழையில் போனது. இருட்டில் போனது. சூரியன் நேராகக் கேமராவில் அடித்து எல்லாம் வெளுத்துப்போகும் நேரத்தில் போனது. பனி விழுந்த நாளில் போனது. சாலையைத் தோண்டிப் போட்டிருந்தபோதும், கட்டட வேலை நடந்து தெருவின் முகமே மாறியபோதும் போனது. 2015 டிசம்பர் வரை நூறு முறைக்கு மேல்.

1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், கிட்டத்தட்ட இரண்டு கோடிப் படங்கள்.

அவ்வளவையும் பூட்டி வைக்காமல் உலகத்தின் ஆய்வாளர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்றும் ஒரு வெளிச்சத்தில் பார்த்த இடத்தை வேறொரு வெளிச்சத்தில் அடையாளம் காணும் வழி கண்டுபிடித்ததாகச் சொல்பவர், ஆக்ஸ்போர்டின் அந்தத் தெருக்களில் தன் முறையை ஓட்டிக் காட்டுவது வழக்கமாக இருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் காரை ஓட்டியவர்களின் நினைவுதான் வருகிறது. புதிதாக எதையும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒரே பாதையில் சுற்றிய பொறுமை அது. நம் காலத்தின் பெரிய கண்டுபிடிப்புகளுக்குக் கீழே இப்படிப்பட்ட சலிக்காத உழைப்பு எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது காரியம்: நியூமனும் போஸ்னரும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிறுவனத்தைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் ஆக்ஸ்போட்டிகா. ஆக்ஸ்போர்டையும் ரோபாட்டிக்ஸையும் இணைத்த பெயர்.

* * *

யாருடைய காரும் இல்லை

இங்கே சற்று நின்று அந்தக் காலத்துச் சந்தையைப் பார்க்க வேண்டும்.

2016 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், தானே ஓடும் கார்களில் இறங்கியிருந்த குரூஸ் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. ஆகஸ்டில் ஊபர், ஓட்டோ என்ற லாரி நிறுவனத்தை வாங்கியது. டிசம்பரில் கூகுளின் திட்டம் வேமோ என்ற தனி நிறுவனமானது. 2017 பிப்ரவரியில் ஃபோர்டு, ஆர்கோ ஏ.ஐ.யில் 100 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. மார்ச்சில் இன்டெல், இஸ்ரேலின் மொபைல்ஐயை 1,530 கோடி டாலருக்கு வாங்கும் முடிவை அறிவித்தது.

பெரும்பாலோரின் கண் ஒரே பரிசின் மேல் இருந்தது: நகரத்தில் ஓடும் ஆளில்லா டாக்ஸி.

பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ஒரு சிறு நிறுவனம் இந்த ஓட்டத்தில் எப்படி நிற்கும்? கார் தயாரிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் டாக்ஸி வாங்கி ஓட்டவும் முடியாது. ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. 'நான் எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்விக்கு விலை மலிவான பதில்.

அந்தக் கேள்வி காருக்கு மட்டும் உரியதா?

சுரங்கத்தில் பாறை அள்ளும் லாரிக்கும் அதே கேள்வி. துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கும் வண்டிக்கும், கிடங்கின் ஃபோர்க்லிஃப்டுக்கும், விமான நிலையத்தில் பெட்டி சுமக்கும் வண்டிக்கும் அதே கேள்விதான். கேமரா இருக்கும் உயரம் மாறும், சக்கரம் திரும்பும் விதம் மாறும், பிரேக் பிடிக்கும் தூரம் மாறும். கேள்வி மாறாது.

அப்படித்தான் 'செலினியம்' வந்தது. எந்த வண்டி என்று கேட்காத மென்பொருள். அது மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் எங்கே இருக்கிறேன்? என்னைச் சுற்றி என்ன இருக்கிறது? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? வண்டிக்கே உரிய சமாச்சாரங்கள் ஓரத்தில் ஒரு மெல்லிய அடுக்காக ஒதுங்கிவிடும். நடுவில் இருக்கும் மூளை பொதுவானது. பல வண்டிகளைச் சேர்த்து மேய்க்க 'சீசியம்' என்று இன்னொரு மென்பொருள்.

விலையில் நியூமன் ஏன் குறியாக இருந்தார் என்பது இப்போது புரிகிறது. ஒரு சொகுசுக் காரின் விலையில் கருவிகளைப் பொருத்தினால் அதை எந்தக் கிடங்குக்காரர் ஃபோர்க்லிஃப்டில் மாட்டிக்கொள்வார்?

இந்த முடிவைத் துணிச்சலானது என்று சிலர் எழுதினார்கள். நான் இதை நேர்மையான முடிவு என்பேன். தங்களுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று தங்கள் காரைப் போலவே அவர்களும் பிரித்துப் பார்த்தார்கள்.

* * *

2016 அக்டோபர் 11

மில்டன் கீன்ஸ், 1967-இல் திட்டமிட்டு உருவாக்கத் தொடங்கிய நகரம். லண்டனுக்கு வடக்கே, ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குள். அகலமான நடைபாதைகள், நேர்கோட்டுத் தெருக்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ரயில் நிலையத்தையும் அதை ஒட்டிய அலுவலகப் பகுதியையும் சுற்றி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம் ஒரு சின்ன வண்டி ஓடியது. இரண்டு பேர் உட்காரும் மின்சார வண்டி. வேகம் மணிக்கு 15 மைலுக்குள். கவன்ட்ரியில் தயாரான அந்த வண்டிக்கு மூளை கொடுத்தது செலினியம்.

பந்தயப் பாதையில் ஓடவில்லை, வேலி போட்ட வளாகத்திலும் ஓடவில்லை. மனிதர்கள் நடக்கும் இடத்திலேயே ஓடியது. பிரிட்டனில் பொதுமக்கள் நடமாடும் இடத்தில் தானே ஓடிய முதல் வண்டி அதுதான் என்று அறிவித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு பொறுப்பாளர் அமர்ந்திருந்தார்.

சாலையைவிட நடைபாதை கடினம். சாலையில் எல்லாருக்கும் ஒரு திசை உண்டு, ஒரு ஒழுங்கு உண்டு. நடைபாதையில் நடப்பவர் சட்டென்று நிற்பார், திரும்புவார், கைப்பேசியைப் பார்த்தபடி குறுக்கே வருவார். ஒரு குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடும். இவற்றுக்கெல்லாம் விதி எழுதி வைக்க முடியாது. மெதுவாகப் போவதும், சந்தேகம் வந்தால் நிற்பதும்தான் வழி.

இரண்டு கிலோமீட்டர் என்பது ஒரு நடை தூரம். அதை அடைய, சிட்னி நாட்களிலிருந்து எண்ணினால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

* * *

வேலிக்கு உள்ளே

அதன் பிறகு நடந்தவை வேகமானவை.

2017 ஜூனில் லண்டனின் வூலிச் பகுதியில், தேம்ஸ் கரையோரக் குடியிருப்பு ஒன்றில், 'கார்கோபாட்' என்ற வண்டி வீட்டுவாசலுக்கு மளிகை கொண்டுபோனது. இணையத்தில் மளிகை விற்கும் ஒகாடோவோடு சேர்ந்து செய்த சோதனை. எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு 16 கிலோ, மொத்தம் 128 கிலோ. அரிசி, பால், சோப்பு என்று ஒரு குடும்பத்தின் வாரச் சாமான் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கும்.

அதே ஆண்டு அதே வண்டி ஹீத்ரோ விமான நிலையத்துக்குள் போனது. ஐ.ஏ.ஜி. கார்கோ நிறுவனத்துக்காக, விமானங்கள் நடமாடும் பகுதியின் ஓரமாகச் சரக்குப் பாதை ஒன்றில் மூன்றரை வாரம், 200 கிலோமீட்டருக்கு மேல்.

வூலிச்சுக்கும் ஹீத்ரோவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வூலிச்சில் யார் எப்போது குறுக்கே வருவார் என்று தெரியாது. ஹீத்ரோவின் உட்பகுதியில் இருப்பவர் எல்லாரும் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள். எந்த வண்டி எங்கே எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று எழுதி வைத்த விதி உண்டு. பாதை மாறாது, வேலை மாறாது, இரவு பகல் ஓயாது. முதலாளிக்கும் இன்னார் என்று முகவரி இருக்கிறது.

2018-இல் கேட்விக் விமான நிலையமும் வந்தது, தன் ஊழியர்களை விமானப் பகுதிக்குள் ஏற்றி இறக்கும் சோதனைக்காக.

நகரத் தெருவில் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியது, வேலிக்கு உள்ளே சீக்கிரமே கைகூடும் போலிருந்தது.

இந்த இடத்தில் என் மனதில் இருக்கும் ஒரு உறுத்தலையும் சொல்லிவிட வேண்டும். கடுங்குளிரில், நள்ளிரவில், அந்தச் சரக்கு வண்டிகளை ஓட்டுபவர்கள் பெரிய சம்பளக்காரர்கள் இல்லை. பல நாடுகளில் இத்தகைய வேலைதான் புதிதாக வந்து சேர்ந்தவரின் முதல் படி. ஆள் கிடைக்கவில்லை, ஆபத்தான வேலை, இயந்திரம் செய்யட்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சுரங்கத்தில் அது உயிரைக் காக்கும் உண்மை. ஆனால் அந்த முதல் படியை எடுத்துவிட்டால் ஏறப் போகிறவர் எங்கே கால் வைப்பார் என்பதற்கு இந்த நிறுவனமோ வேறு எந்த நிறுவனமோ அன்றைக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

* * *

இரண்டு கதவுகள்

வேலிக்கு உள்ளே ஒரு கால் வைத்தபடியே, வேலிக்கு வெளியேயும் ஒரு கால் வைத்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் 'டிரிவன்' என்ற கூட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 86 லட்சம் பவுண்டு அரசு நிதி. தலைமை ஆக்ஸ்போட்டிகா. தானே ஓடும் கார்களின் ஒரு சிறு அணியை, ஆக்ஸ்போர்டுக்கும் லண்டனுக்கும் இடையே மற்ற வண்டிகளோடு கலந்து ஓட்டிக் காட்ட வேண்டும். கூட்டாளிகளில் ஒரு காப்பீட்டு நிறுவனமும் இருந்தது. விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே மேசைமேல் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வி தாளில் இருந்தபோதே தெருவில் வந்து நின்றது.

2018 மார்ச் 18. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டெம்பி நகரம். இரவு. ஊபரின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. அவர் இறந்தார். தானே ஓடும் கார் மோதி, சாலையில் நடந்து சென்ற ஒருவர் இறந்த முதல் நிகழ்வு அது. கார் அவரை மோதுவதற்குச் சில நொடிகள் முன்பே உணர்ந்திருந்தது. ஆனால் அது என்ன என்று அதனால் தீர்மானிக்க முடியவில்லை. வண்டி என்றது, சைக்கிள் என்றது, வேறு ஏதோ என்றது. தீர்மானம் மாறிக்கொண்டே இருக்க, நேரம் முடிந்துவிட்டது.

'எனக்குத் தெரியவில்லை' என்பதை ஒரு இயந்திரம் எப்போது, எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள வேண்டும்? பெக்ப்ரோக்கில் பேசப்பட்ட அதே விஷயம், இப்போது ஒரு உயிரின் விலையில்.

உலகம் முழுக்கத் துறையே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஊபர் தன் சாலைச் சோதனைகளை நிறுத்தியது.

ஆறு மாதம் கழித்து, 2018 செப்டம்பரில், ஆக்ஸ்போட்டிகாவுக்கு 1.4 கோடி பவுண்டு முதலீடு கிடைத்தது. ஃபோர்டு ஒரே நிறுவனத்தில் போடுவதாகச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் ஒரு துளி. ஆனால் கையில் கிடைத்த துளி.

அதை எங்கே செலவிடுவது?

ஒரு கதவு சுரங்கம், துறைமுகம், ஆலை, விமான நிலையம் என்று திறந்தது. அங்கே புகழ் இல்லை. பத்திரிகையாளர்கள் வரமாட்டார்கள். ஆனால் பணம் கொடுக்கத் தயாராக வாடிக்கையாளர் இருக்கிறார்.

இன்னொரு கதவை அடுத்த மாதமே ஒருவர் தட்டினார். அடிசன் லீ, லண்டனின் பெரிய தனியார் டாக்ஸி நிறுவனம். 2018 அக்டோபரில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு அறிவிப்பை வெளியிட்டன. லண்டனிலும் அதைச் சுற்றியும் 2,50,000 மைலுக்கும் மேற்பட்ட சாலைகளை வரைபடமாக்குவோம், 2021-க்குள் தானே ஓடும் டாக்ஸிகளை லண்டன் தெருக்களில் இறக்குவோம் என்றது அது.

பெக்ப்ரோக்கில் ஐபேடைத் தொட்ட அந்த நாளிலிருந்து ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல். ஆக்ஸ்போர்டில் பத்து கிலோமீட்டர் பாதையைத் தெரிந்துகொள்ள நூறு முறைக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. இப்போது கையில் இருந்தது மூன்று ஆண்டு, எதிரே இருந்தது லண்டன்.

தெரிந்த இடத்தில் மட்டும் ஓட்ட முன்வரும் காரைச் செய்தவர்கள், தங்களுக்குத் தெரியாத ஒரு நகரத்தில் நாள் குறித்து வாக்குக் கொடுத்துவிட்டார்கள். 2021-இல் அவர்களுடைய வண்டி எந்தக் கதவு வழியாக உள்ளே போயிருந்தது?

(தொடரும்)